குறையும் குற்றமும்

ஒரு மொழியின் வளத்தை அளக்க விரும்புவோர், அம்மொழியில் அன்புக்கும் அழகுக்கும் எத்தனை சொற்கள் உள்ளன என்று எண்ணிப் பார்ப்பது வழக்கம். அரும்பு, மொட்டு, போது, மலர், வீ, செம்மல் என்று பூவின் பருவந்தோறும் பெயர் வைத்த மொழி நம் மொழி என மேடைதோறும் கேட்டு மகிழ்கிறோம். அம்மகிழ்ச்சி நியாயமானதே. ஆனால், மனிதரிடம் காணும் தாழ்வைச் சொல்ல ஒரு மொழி எத்தனை சொற்களை வைத்திருக்கிறது, அவற்றை எவ்வளவு அளந்து வழங்குகிறது என்று ஆராய்வோர் சிலரே. ஒரு சமுதாயத்தின் நீதியுணர்வை அறிய இதைவிடச் சிறந்த அளவுகோல் வேறில்லை என்பது என் கருத்து.

குற்றம், குறை, பிழை, தவறு, தப்பு, வழு, இழுக்கு, மாசு, மறு, வடு, தீது, ஏதம், களங்கம் எனத் தமிழில் இவ்வரிசை நீள்கிறது. நிகண்டு செய்தோர் இத்தகைய சொற்களை ஒருபொருட் பன்மொழியாக அடுக்கித் தந்தனர். மனப்பாடம் செய்வார்க்கு அது உதவும். ஆனால் நிகண்டில் அருகருகே நிற்கும் சொற்கள் வாழ்க்கையில் ஒன்றன் இடத்தில் மற்றொன்று வந்து நிற்பதில்லை. அச்சிட்ட நூலில் நேர்வது அச்சுப்பிழை. அதனை அச்சுக்குற்றம் என்று எவரும் சொல்வதில்லை. நிலவில் தெரிவது மறு. அதனை நிலவின் தவறு என்பாரில்லை. இந்த வேறுபாடுகள் எதன்மேல் நிற்கின்றன, இவற்றை இழந்தால் நாம் எதை இழக்கிறோம் என்பதைச் சிறிது காண்போம்.

சொல்லும் அதனோடு வரும் வினையும்

ஒரு சொல்லின் இயல்பை அறிய அதனோடு எந்த வினை சேர்ந்து நடக்கிறது என்று பார்ப்பது நல்ல வழி. குறையைத் தீர்க்கிறோம், அல்லது நிறைக்கிறோம். பிழையைத் திருத்துகிறோம், அல்லது பொறுக்கிறோம். குற்றத்தைச் சாட்டுகிறோம், கடிகிறோம், தண்டிக்கிறோம். மாசைத் துடைக்கிறோம். வழுவை நீக்குகிறோம். பழியைச் சுமக்கிறோம். வடுவை மட்டும் ஒன்றும் செய்வதற்கில்லை, அது நிற்கிறது.

இவ்வரிசையை ஊன்றி நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். தமிழில் தாழ்வைக் குறிக்கும் ஒவ்வொரு சொல்லும் நோயின் பெயரோடு மருந்தின் பெயரையும் தாங்கி வருகிறது. எந்தச் சொல்லால் ஒன்றைச் சுட்டுகிறோமோ, அந்தச் சொல்லே அடுத்து நாம் செய்ய வேண்டியதையும் முடிவு செய்துவிடுகிறது. குறை என்று சொன்ன வாய் அதை நிறைக்கும் வழியைத் தேடும். குற்றம் என்று சொன்ன வாய் தண்டனையைத் தேடும். ஆகவே பெயரைத் தவறாக வைப்பது மருந்தைத் தவறாகக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

'குறை' என்பது இல்லாமையைக் காட்டும் சொல். நிறைவுக்கு இன்னும் வேண்டியது எவ்வளவோ அதுவே குறை. அதனால்தான் தேவைக்கும் வேண்டுகோளுக்கும் அதுவே பெயராயிற்று. அகத்திணையில் தலைவன் தோழியிடம் வந்து நிற்பதைக் குறையிரத்தல் என்றனர். இன்றும் தமிழ்நாட்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் நடப்பது மக்கள் குறைதீர்க்கும் நாள். அங்கே குறையுடையவர் குற்றவாளி அல்லர். உதவி பெற உரிமையுடையவர். திருமணம் முடிந்து திரும்பும் சம்பந்தி, 'ஒரு குறையும் வைக்கவில்லை' என்று சொன்னால் பெண்ணைப் பெற்றவர் நெஞ்சு குளிர்வதும் இதனால்தான்.

'தவறு' என்பது நழுவுதல். கை தவறி விழுந்தது, வாய் தவறி வந்தது என்கிறோம். இறந்தாரைத் 'தவறிவிட்டார்' என்று நயமாகக் குறிக்கிறோம். இச்சொல்லில் உள்நோக்கம் என்பது இயல்பாக இல்லை. 'பிழை' என்பதும் அடிப்படையில் குறி தப்புதலே. எய்தவனுக்கு அம்பு பிழைத்தது. மானோ உயிர் பிழைத்தது. தப்புதல் என்பதற்கும் இவ்விரு பொருளும் உண்டு. ஒரே நிகழ்ச்சியை வேடன் பக்கமிருந்து பார்த்தால் இழப்பு, மான் பக்கமிருந்து பார்த்தால் வாழ்வு. தவறுவதற்கும் வாழ்வதற்கும் ஒரே சொல் அமைந்தது இவ்வாறுதான் என்று கருத இடமுண்டு.

வள்ளுவர் கைக்கொண்ட அளவு

திருக்குறளின் 44-ஆம் அதிகாரம் குற்றங்கடிதல். அங்கே பேசப்படுவன செருக்கு, சினம், கொடாமை போன்றவை. பரிமேலழகர் இவற்றைக் காமம், வெகுளி, கடும்பற்றுள்ளம், மானம், உவகை, மதம் என ஆறாக வகுத்துக் காட்டுவார். இவை அனைத்தும் உள்ளத்தில் வேர்கொண்டவை, நாமே வளர்த்தவை, நாமே களைய வேண்டியவை. கடிதல் என்ற வன்மையான வினை இவற்றுக்கே பொருந்தும்.

ஆனால் அதே வள்ளுவர் காமத்துப்பாலுக்கு வரும்போது தராசை மாற்றிக்கொள்கிறார். புணர்ச்சி விதும்பல் அதிகாரத்தில் ஒரு தலைவி பேசுகிறாள். கணவனைக் காணும்போது அவனுடைய தவறுகள் அவள் கண்ணுக்குத் தெரிவதில்லையாம். காணாதபோதோ தவறல்லாத ஒன்றும் தெரிவதில்லையாம். இங்கே அவர் பயன்படுத்தும் சொல் தவறு. குற்றம் என்ற சொல்லை அங்கே வைத்துப் பாருங்கள். ஊடல் கலைந்து வழக்கு மன்றம் வந்துவிடும். அன்புடையார் இடையே நிகழ்வது கால் நழுவல் போன்றது, அது கடிவதற்குரியதன்று என்ற நுட்பம் ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது.

செங்கோன்மை அதிகாரத்தில் வேறொரு நுட்பம். குடிகளைக் காக்கும் வேந்தன் குற்றம் செய்தாரை ஒறுத்தால் அது அவனுக்கு வடு ஆகாது; அவன் தொழிலே அதுதான் என்கிறார். ஒரே குறளுக்குள் குற்றம் வேறு, வடு வேறு. குற்றம் செய்தவனைச் சேர்ந்தது. வடு, தண்டித்தவன் மேல் விழக்கூடிய தழும்பு. தண்டிப்பவனுக்கும் தழும்பு விழலாம் என்ற எண்ணம் இருந்தால்தான் அது விழாது என்று சொல்ல வேண்டிய தேவை எழும். அளவறிந்து தண்டிக்காதவன் கதி என்ன என்பதை நாமே ஊகித்துக்கொள்ள விட்டுவிடுகிறார்.

இந்த வடு என்னும் சொல் அடக்கமுடைமையிலும் வருகிறது. தீயினால் சுட்டதை அவர் புண் என்றார்; அது உள்ளே ஆறிவிடும். நாவினால் சுட்டதை வடு என்றார், அது ஆறாது. சுடுதல் என்ற வினை ஒன்றாக இருக்க, பெயரை மட்டும் மாற்றி வைத்தார். சொல்லால் ஒருவரைக் குறை காண்போர் நினைவிற்கொள்ள வேண்டிய இடம் இது.

சிலம்பில் பிழையும் தீதும்

சிலப்பதிகாரத்தின் உயிர்நிலை வழக்குரை காதை. உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்தபின் பாண்டியன் தன்னையே கள்வன் என்கிறான். தென்னாட்டுக் காவல் தன்னிடம் வந்து பிழைத்தது என்று சொல்லி உயிர் விடுகிறான். பதிகத்தில் நூலின் நோக்கத்தைச் சொல்லும்போதும், அரசியலில் பிழைத்தவர்க்கு அறமே கூற்றாகும் என இளங்கோவடிகள் அதே வினையைத்தான் ஆள்கிறார். நூலின் வாயிலிலும் நடுவிலும் ஒரே சொல் வந்திருப்பது தற்செயல் என்று தோன்றவில்லை.

பாண்டியன் செய்தது என்ன? ஆராயாமல் தீர்ப்பளித்தான். பொற்கொல்லனிடம் இருந்ததுபோன்ற வஞ்சம் அவனிடம் இல்லை. நேர்கோலாக இருக்க வேண்டியது குறி தப்பி வளைந்தது. ஆகவே அது பிழை. ஆனால் விளைவோ ஓர் உயிர். விளைவு பெரிது என்பதற்காகக் கவிஞர் சொல்லை மாற்றவில்லை. பிழை என்பதற்காக விளைவைச் சிறிதாக்கவுமில்லை. நீதி என்பது இவ்விரண்டையும் ஒருசேரக் காண்பதுதான்.

இதன் முடிவு வஞ்சிக் காண்டத்தில் வருகிறது. தெய்வமாகிவிட்ட கண்ணகி வாழ்த்துக் காதையில் தோன்றி, தென்னவன் தீதில்லாதவன் என்றும், தான் அவன் மகள் என்றும் கூறுகிறாள். கணவனை இழந்தவளே, மதுரையை எரித்தவளே கூறுகிறாள். அவன் பிழைத்தான் என்பதை அவள் மறுக்கவில்லை. தீதுடையவன் என்பதையே மறுக்கிறாள். பிழைக்கும் தீதுக்கும் இடையே உள்ள தூரத்தை இவ்வளவு விலை கொடுத்து அளந்து காட்டிய காப்பியம் வேறொன்று இருப்பதாக நான் அறியேன். வளைந்த கோலைப் பாண்டியன் தன் உயிரைக் கொடுத்து நிமிர்த்தினான் என்று சேரன் செங்குட்டுவன் வாயிலாகச் சொல்வதும் நோக்கத்தக்கது. பிழைக்கு மருந்து திருத்தம் என்றோம். அவன் திருத்தினான்.

நீரில்லாத ஆறு

கம்பர் காட்டும் இடம் இன்னும் நெருக்கமானது. அயோத்தியா காண்டத்தில் நகர் நீங்கு படலம். இராமனுக்கு முடி இல்லை என்றறிந்த இலக்குவன் வில்லேந்திச் சீறுகிறான். அவனைத் தணிக்க இராமன் சொல்லும் மறுமொழியில் பிழை என்ற சொல் ஐந்து முறை வருகிறது. ஆற்றில் நீர் வற்றிப் போனால் அது ஆற்றின் பிழையா என்று தொடங்குகிறான். அதுபோலவே இது தந்தையின் பிழையன்று, வளர்த்த தாயின் அறிவின் பிழையன்று, பரதன் பிழையன்று; விதியின் பிழை என்று முடிக்கிறான்.

இப்பாட்டை விதிக்கொள்கைக்குச் சான்றாகவே பெரும்பாலோர் எடுத்துக் காட்டுவர். விதியை நம்பாதாரும் இதில் கற்பதற்கு ஒன்றுண்டு. ஆற்றில் நீரில்லை என்பது உண்மை. அதை இராமன் மறைக்கவில்லை. ஆனால் நீரின்மை குறை. அது ஆற்றின் பிழை ஆகாது. மழை பெய்யாததற்கு மணற்படுகையைச் சினந்து பயன் என்ன? குறையைக் கண்டவுடன் பிழை செய்தவன் யார் என்று தேடி வில்லெடுக்கும் இயல்பு இலக்குவனுக்கு மட்டும் உரியதன்று.

இதே கம்பர் அவையடக்கத்தில், பிள்ளைகள் தரையில் கோடு கிழித்து இது அறை, இது ஆடரங்கு என்று விளையாடினால் தச்சர்கள் சினந்துகொள்வார்களோ என்று கேட்கிறார். தம் கவியைப் பிள்ளையின் கிறுக்கலுக்கு ஒப்பிட்டது அடக்கம். அக்கிறுக்கலைக் கண்டு தொழில் வல்லவர் சினவார் என்று உறுதியாக நம்பியது, கற்றோரிடம் அவர் எதிர்பார்த்த பண்பு.

இலக்கணம் தரும் பாடம்

இலக்கணத்தாரைக் கடுமையானவர் என்று எண்ணுகிறோம். அவர்களோ தாழ்வுக்குப் பெயரிடுவதில் மிகுந்த நிதானம் காட்டினர். பேச்சில் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு ஆகிய ஏழும் முறைமாறி வருவதை வழு என்றனர். வழுவுதல் சறுக்குதல். நூல் எழுதுவோனிடம் காணும் தாழ்வைக் குற்றம் என்றனர். கூறியது கூறல், மிகைபடக் கூறல் முதலாக நன்னூல் கூறும் பத்தும் குற்றங்களே. இதற்கு ஒரு காரணம் சொல்லலாம். பேசுவோன் போகிற போக்கில் சறுக்குகிறான். நூல் செய்வோன் பிறர்க்கு வழிகாட்ட முன்வந்து, எழுதியதைப் பார்த்துத் திருத்த நேரமும் பெற்றவன். பொறுப்பு மிகுமிடத்தில் சொல்லும் கனக்கிறது.

வழுவிலும் மன்னிக்கத்தக்கது உண்டென்று கண்டு அதற்கு வழுவமைதி என்று பெயரிட்டனர். பசுவைக் கண்டு மகிழ்ச்சி மிகுந்து 'என் அம்மை வந்தாள்' என்றால், அது திணை பிறழ்ந்ததாயினும் அமையும் என்பது நன்னூலார் கருத்து. நம் வீட்டில் மகளை 'வாடா கண்ணா' என்று அழைக்கும் தாய்க்கும் இவ்விதியே துணை. இலக்கணத்துக்கும் இதயம் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

திருவிளையாடற் புராணத்து நக்கீரரையும் இங்கே நினைக்க வேண்டும். 1965-இல் வந்த திரைப்படத்தால் அவர் குற்றம் காண்போர்க்கெல்லாம் தலைவராகிவிட்டார். ஆனால் அவர் செய்ததை நன்கு கவனிப்போமாயின், பாட்டில் சொற்குற்றம் இல்லை, பொருட்குற்றமே உண்டு என்று வகை பிரித்துச் சொன்னார் என்பது விளங்கும். எதிரில் நின்றவர் இறைவன் என்றறிந்தும் அஞ்சாதது அவர் துணிவு. இல்லாத குற்றத்தைச் சேர்த்துச் சொல்லாதது அவர் நேர்மை. துணிவை மட்டும் பின்பற்றுவோர் பலர். நேர்மையைப் பின்பற்றுவோர் அரியர்.

இன்றைய வழக்கு

காலப்போக்கில் இச்சொற்களின் எடை மாறியிருக்கிறது. வள்ளுவர் காலத்தில் உள்ளத்தின் மாசுக்குப் பெயரான குற்றம், இன்று குற்றப்பத்திரிகை, குற்றவாளி, குற்றவியல் என நீதிமன்றத்துக்கும் காவல் நிலையத்துக்கும் உரியதாகிக் கனத்துவிட்டது. குறை என்பதோ தன் மென்மையை இழக்கவில்லை. 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அதற்கு மாற்றாக வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் பேசுவது சேவைக் குறைபாடு. அதற்குத் தீர்வு இழப்பீடு, அதாவது நிறைத்தல். உடல் ஊனமுற்றோர் என்ற வழக்கை மாற்றித் தமிழக அரசு 2010-இல் மாற்றுத்திறனாளிகள் என்ற பெயரைக் கொண்டு வந்ததும் சொல்லின் வலிமையை உணர்ந்ததால்தான்.

தமிழகத்துக்கு வெளியே வாழும் நமக்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. இந்தியில் அபராத் என்றால் குற்றம். தமிழில் அபராதம் என்றால் அதற்குக் கட்டும் தண்டத் தொகை. இந்தியில் தோஷ் என்பது பழிக்கும் பொறுப்புக்கும் உரியது. தமிழில் தோஷம் என்றதும் நினைவுக்கு வருவது சாதகக் கட்டம். இரு மொழிக்கிடையே வளரும் பிள்ளை இவற்றுள் மயங்குவது இயல்பு. ஆனால் இந்தியிலும் அளவுகள் உண்டு என்பதை மறக்கலாகாது. வடநாட்டுக் கடைக்காரர் பற்றுச்சீட்டின் அடியில் 'பூல் சூக் லேனி தேனி' என்று அச்சிட்டிருப்பார். கணக்கில் மறதியோ நழுவலோ இருந்தால் பின்னர்க் கொடுத்து வாங்கிச் சரிசெய்துகொள்வோம் என்பது பொருள். கூட்டல் பிழைக்கு அவர் அபராத் என்ற சொல்லை எடுப்பதில்லை.

நம் இல்லங்களிலோ இத்தனை சொற்களும் சுருங்கித் தப்பு என்ற ஒன்றும், மிஸ்டேக் என்ற மற்றொன்றுமாக நிற்கின்றன. பால் சிந்தினாலும் தப்பு. பொய் சொன்னாலும் தப்பு. ழகரம் வராவிட்டாலும் தப்பு. சொல் ஒன்றாகிவிட்டதால் முகத்தின் கடுமையும் ஒன்றாகிவிடுகிறது. எது தண்டனைக்குரியது, எது துடைத்துவிட்டால் போதும் என்பதைப் பிள்ளை எவ்வாறு அறியும்?

பிள்ளைகளின் தமிழ்

இவ்வளவும் சொல்லி வந்தது ஒரு காரணத்துக்காக. நம் விழா மேடைகளில் இங்கேயே பிறந்து வளர்ந்த சிறுவர் ஏறிக் குறள் ஒப்பிக்கின்றனர். 'பழம்' என்பது 'பளம்' ஆகிறது. 'தாத்தா வந்தார்' என்பது 'தாத்தா வந்தது' ஆகிறது. உடனே முன்வரிசையில் ஒரு சிரிப்பு எழுகிறது. 'இவனுக்குத் தமிழே வராது' என்று தந்தையே பலர் முன்னிலையில் சொல்கிறார். அடுத்த ஆண்டு அச்சிறுவன் மேடைக்கு வருவதில்லை. வீட்டிலும் தமிழில் கேட்டதற்கு இந்தியில் மறுமொழி சொல்லப் பழகிக்கொள்கிறான்.

இங்கே எதற்கு எந்தப் பெயர்? அச்சிறுவன் சொன்னது வழு, அதை நீக்கலாம். அவனிடம் இருப்பது தமிழ்க் குறை; அதை நிறைக்கலாம். பள்ளியில் தமிழ் இல்லை, தெருவில் தமிழ் இல்லை. நீரில்லாதது ஆற்றின் பிழையன்று. முன்வரிசையின் சிரிப்போ நாவினால் சுடுவது. அது நிற்கும் வடு.

'வழுவைச் சுட்டாமல் விட்டால் மொழி கெடாதா?' என்று கேட்கலாம். நல்ல கேள்வி. சுட்டத்தான் வேண்டும். தாத்தா உயர்திணை, ஆகவே வந்தார் என்று அன்றிரவே சொல்லித் தரத்தான் வேண்டும். குறை என்று பெயரிடுவது திருத்தாமல் விடுவதற்குச் சாக்காகிவிடக் கூடாது. குறை என்று ஒப்புக்கொண்டவரே அதை நிறைக்கக் கடமைப்பட்டவர். வீட்டில் தமிழ் நூல் ஒன்றும் வாங்காமல், ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கும் அனுப்பாமல், 'எங்கே வருகிறது தமிழ்?' என்று பிள்ளையைச் சலித்துக்கொள்ளும் பெற்றோரிடம் இருப்பது குறையன்று. அதற்குரிய சொல் இழுக்கு. அயலார் குற்றத்தைக் காண்பதுபோல் தம் குற்றத்தையும் காண வேண்டும் என்று புறங்கூறாமையில் வள்ளுவர் சொன்னது பெற்றோர்க்கும் பொருந்தும்.

நூல் மதிப்புரை எழுதுவோர்க்கும் இவ்வளவே சொல்வேன். நூலில் இல்லாதது குறை. தகவல் மாறியது பிழை. பிறர் எழுத்தைத் தமதென்று சொல்வது குற்றம். மூன்றையும் ஒரே சினத்தோடு எழுதினால், உண்மையான குற்றம் வரும்போது நம்மிடம் சொல் மிஞ்சாது.

படைச்செருக்கு அதிகாரத்தில் வள்ளுவர் இரண்டு படைக்கலங்களை ஒப்பிடுகிறார். ஒன்று காட்டு முயலை எய்து வீழ்த்திய அம்பு. மற்றொன்று யானைமேல் எறிந்து பிழைத்த வேல். பிழைத்த வேலை ஏந்துவதே இனிது என்பது அவர் தீர்ப்பு. தனக்கு எளிதான மொழியில் பிழையின்றிப் பேசிவிட்டு இருக்கையில் அமர்ந்திருக்கலாம். அப்படி இராமல் ழகரத்தோடு மல்லாட மேடையேறும் பிள்ளை கையில் இருப்பது அந்த வேல். இவ்வாண்டு விழாவில் அது குறி தப்புமாயின் சிரிக்க வேண்டா. கைதட்டுவோம், வீட்டுக்குச் சென்றதும் அருகில் அமர்ந்து, நாவை எங்கே மடிக்க வேண்டும் என்று சொல்லித் தருவோம்.